ஊதா முத்திரை

பள்ளிப் படிவத்தில்
தாயின் தொழில் என்ற கட்டத்தில்
மகனின் பேனா நிற்கிறது.
என்ன எழுத, என்கிறான் இரினேயோ.
கால்நடை மருத்துவர் என்று எழுது, என்கிறேன்
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

காலால் நடப்பவை கால்நடை.
என்னிடம் வருபவை
காலால் தொங்குகின்றன.

தாக்குவரெம்போ இறைச்சி ஆலையில்
எனக்கு விடியல் என்பது குழல்விளக்கு.
வெளியே ஜூலை மாதத்து உறைபனி
புல்லை நரைக்க வைத்திருக்கும்.
உள்ளே சூடான ஆவி,
வெள்ளை பூட்ஸ், வெள்ளை ஹெல்மெட்,
இடுப்பில் இரண்டு கத்தி.
தலைகள் நகர்ந்து வரும்.
தாடைத் தசையில் ஒரு கீறல்
நாக்கின் அடியில் ஒன்று
கழுத்து நிணக்கணுவில் ஒன்று.
பிறகு உடல்கள். பிறகு முத்திரை.
தகுதி. தகுதி. தகுதி.
பத்தொன்பது வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கும்
ஒரே சொல்.

படிப்பின் கடைசி வருடம்
மழையில், சேற்றில் மண்டியிட்டு
தோள்வரை கையை உள்ளே விட்டு
புரண்டு கிடந்த கன்றை நேராக்கி இழுத்தேன்.
அது தும்மியது.
அந்த ஒரு தும்மலை நம்பி
மொத்த வாழ்க்கையையும் கடன் வாங்கினேன்.

இங்கே இரண்டு வருடம் மட்டும் என்றுதான் வந்தேன்.
அப்புறம் வீட்டுத் தவணை.
அப்புறம் பிள்ளை.
அப்புறம், காரணம் கேட்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

போன நவம்பரில் பேருந்து நிலையத்தில் வால்தெமார்.
தலைநகரில் பந்தயக் குதிரைகளுக்கு
முழங்கால் பார்க்கிறானாம்.
குதிரைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசினான்.
"நம்ம வகுப்பிலேயே கைராசிக்காரி நீதான் நெலிதா"
என்றான் உண்மையாகவே.
நகக்கண்ணில் ஊதா மை ஏறிய கையை
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
என்னிடம் வருபவற்றுக்குப் பெயர் இல்லை,
காதில் எண் உண்டு.

ராஜினாமாக் கடிதம் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.
மூன்றிலும் தேதி காலி.
ஒன்றின் முதுகில் இப்போது
வெங்காயம், மாவு, பல்பு, செருப்புப் பசை.

இந்தச் செவ்வாய்க்கிழமை
கணுவில் இறங்கிய கத்தி
மணலில் இறங்கியதுபோல் நெறநெறத்தது.
சங்கிலியை நிறுத்தினேன்.
பதினோரு நிமிடம்.
ஆலை முழுக்க அப்படி ஓர் அமைதி,
தண்ணீர் சொட்டுவதெல்லாம் கேட்டது.
மேலாளர் பிந்தோஸ் வந்து
பேசாமல் கடிகாரத்தைக் காட்டினார்.
நான் நுரையீரலைத் திறந்துகொண்டிருந்தேன்.
மஞ்சள் மஞ்சளாய், பயறளவு,
எண்ணி முடியாத முடிச்சுகள்.
முத்திரையைக் கீழே வைத்தேன்.
கை நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன்.
கன்றை இழுத்த நாளிலும்
அது நடுங்கவில்லை.

எங்கோ ஒரு வீட்டில்
யாரோ ஒருவருக்கு இருமல் வரவில்லை.
அவருக்கு அது தெரியாது.
உறுதியாக எனக்கும் தெரியாது.
வராத நோய்க்கு நன்றி சொல்ல
யாரும் கதவைத் தட்டுவதில்லை.

சில இரவுகளில் இது போதுமாயிருக்கிறது.
சில இரவுகளில் இதுவும்
எனக்கு நானே குத்திக்கொள்ளும்
முத்திரைதான் என்று படுகிறது,
எழுந்து போய்
இன்னொரு முறை கை கழுவுகிறேன்.

மாத்தேக்கு வைத்த தண்ணீர் கொதித்துவிட்டது.
கொதித்த நீர் இலையைக் கசக்க வைக்கும்.
ஆறட்டும் என்று இறக்கி வைக்கிறேன்.

"கட்டம் சின்னது அம்மா,
மருத்துவர் வெளியே போய்விட்டது" என்கிறான்.
குனிந்து பார்க்கிறேன்.
கால்நடை உள்ளே இருக்கிறது.
மருத்துவர் கோட்டைத் தாண்டி
ஓரத்து வெள்ளையில், சற்றே சரிந்து.

பரவாயில்லை, என்கிறேன்.
படிக்க முடிகிறது.